எண்ணெய் ஆலையிலிருந்து பனிச்சாலைக்கு
(தானியங்கிக் கட்டுப்பாட்டின் வரலாறு – பகுதி 14)

ஓடும் காரைச் சாலையோடு பிணைத்திருப்பவை நான்கு டயர்களின் அடியில் உள்ள தொடுபரப்புகள். ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவே இருக்கும். வேகம் கூட்டுவது, நிறுத்துவது, திருப்புவது ஆகிய மூன்றுக்கும் வேண்டிய விசை முழுவதும் இந்த நான்கு இடங்களின் வழியாகத்தான் வர வேண்டும். அந்த விசைக்கு ஓர் உச்சம் உண்டு. உலர்ந்த தார்ச்சாலையில், டயர் மீது இறங்கும் எடைக்கு ஏறத்தாழச் சமமான விசை கிடைக்கும். இறுகிய பனியில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. வழுவழுப்பான பனிக்கட்டியில் பத்தில் ஒரு பங்குதான். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், உராய்வுக் கெழு 0.9 ஆக உள்ள சாலையில் 45 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்பிவிடும். கெழு 0.3 ஆகக் குறைந்தால் அதே காருக்கு 136 மீட்டர் ஆரம் வேண்டும்.

உச்சத்தைத் தாண்டிய டயரிடம் மேலும் கேட்டுப் பயனில்லை. முன்டயர்கள் முதலில் உச்சத்தைத் தொட்டால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் வளைவுக்கு வெளியே நேராகவே போகும். இது அண்டர்ஸ்டியர். பின்டயர்கள் முதலில் தொட்டால் வால்பகுதி வெளியே வீசப்பட்டு, கார் தன்னைத்தானே சுற்றும். இது ஓவர்ஸ்டியர். சாலை வாகனத்தின் நிலைத்தன்மை பற்றிய ஆராய்ச்சி எல்லாம் இந்த உச்சத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. உச்சம் நெருங்குவதை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கு ஏற்றபடி இப்போதே ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் இயக்குவதே முன்கணிப்புக் கட்டுப்பாடு. இதன் வேர், வாகனத் தொழிலில் இல்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இருக்கிறது.

சமன்பாடாக மாறிய கார்

1930-கள் வரை ஒரு கார் 'நன்றாகத் திரும்புகிறது', 'முரண்டு பிடிக்கிறது' என்பதெல்லாம் ஓட்டுநரின் உணர்வைப் பொறுத்த பேச்சாக இருந்தது. ரோல்ஸ் ராய்ஸில் பணியாற்றிவிட்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த மாரிஸ் ஆலி, அண்டர்ஸ்டியர், ஓவர்ஸ்டியர் என்ற பாகுபாட்டைப் பொறியியல் பேச்சில் நிலைநிறுத்தினார். 1940-இல் ஜெர்மனியின் ரீகெர்ட், ஷுங்க் ஆகிய இருவரும் இடது வலது சக்கரங்களை ஒன்றாகச் சேர்த்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே சக்கரங்கள் கொண்ட மாதிரியாகக் காரை எளிமைப்படுத்தினர். பக்கவாட்டில் நகரும் வேகம், செங்குத்து அச்சைச் சுற்றித் திரும்பும் வேகம் என்ற இரண்டு அளவுகளிலேயே காரின் போக்கை இந்த மாதிரி சொல்லிவிடும். இன்று வரை நிலைத்தன்மைக் கருவிகளின் உள்ளே ஓடுவது பெரும்பாலும் இதன் வழித்தோன்றல்தான்.

1956-இல் அமெரிக்காவின் கார்னெல் விமானவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோனார்டு சீகல், வில்லியம் மில்லிகன், டேவிட் விட்கோம்ப் ஆகியோர் விமான ஆய்வு முறைகளைக் காருக்குப் பொருத்தி, ஸ்டீயரிங் அசைவுக்குக் கார் எப்படிப் பதிலளிக்கும் என்பதைக் கணக்கிட்டுச் சோதனையிலும் சரிபார்த்தனர். டயரின் உச்சத்தைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவர மேலும் காலம் பிடித்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசெய்கா, வோல்வோ நிறுவனப் பொறியாளர்களுடன் சேர்ந்து 1987-இல் வெளியிட்ட சூத்திரம், டயர் விசை ஏறி, உச்சம் தொட்டு, சரியும் வளைகோட்டைச் சில கெழுக்களுக்குள் அடக்கியது. இயற்பியலிலிருந்து வருவிக்கப்படாமல், அளவீடுகளுக்குப் பொருத்தி அமைக்கப்பட்டதால் அதற்கு 'மாயச் சூத்திரம்' என்ற பெயர் நிலைத்தது.

பிழை நேர்ந்த பின் திருத்துவது

கணிதம் ஒருபுறம் வளர, கார்களில் வேறொரு முறை இடம்பிடித்தது. போஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து உருவாக்கிய மின்னணு ஏ.பி.எஸ். 1978-இல் எஸ்-கிளாஸ் காரில் வந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளும் தறுவாயில் பிரேக் அழுத்தத்தை விட்டுப் பிடிப்பது அதன் வேலை. அடுத்த படி 1995-இல் வந்த இ.எஸ்.பி. என்ற மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. போஷில் பணியாற்றிய டச்சுப் பொறியாளர் ஆன்டன் வான் சாண்டன் இதன் முதன்மைச் சிற்பி. 2016-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதுகளில் வாழ்நாள் சாதனைக்கான விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இ.எஸ்.பி. வேலை செய்யும் விதம் எளிதில் விளங்கக் கூடியது. ஸ்டீயரிங் கோணத்தையும் வேகத்தையும் வைத்து, ஓட்டுநர் எவ்வளவு வேகமாகத் திரும்ப விரும்புகிறார் என்பதை இரு சக்கர மாதிரி கணக்கிடும். கார் உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை உணரி அளக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஏதேனும் ஒரு சக்கரத்தின் பிரேக் தானாகப் பிடிக்கும். வால் வீசினால் வளைவின் வெளிப்பக்க முன்சக்கரம். மூக்கு நேராக ஓடினால் உட்பக்கப் பின்சக்கரம். தனியொரு சக்கரத்தின் பிரேக்கே காரைத் திருப்பும் நெம்புகோலாகிறது.

1997 அக்டோபரில் ஸ்வீடனின் ஒரு வாகன இதழைச் சேர்ந்த ராபர்ட் கோலின், மெர்சிடிஸின் புதிய ஏ-கிளாஸ் காரைத் திடீர் விலகல் சோதனைக்கு உட்படுத்தியபோது அது கவிழ்ந்தது. சாலையில் குறுக்கிடும் மூஸ் மானைத் தவிர்க்க ஓட்டுநர் சட்டெனத் திருப்பி, உடனே மீண்டும் தன் தடத்துக்கு வருவதைப் போன்ற சோதனை அது. மெர்சிடிஸ் அந்தக் காரின் எல்லா வகைகளிலும் இ.எஸ்.பி.யைச் சேர்த்தது. விலையுயர்ந்த கார்களின் சிறப்பு வசதியாக இருந்த ஒன்று சிறிய கார்களுக்கு இறங்கி வர இந்த நிகழ்வு பெரிய காரணம். 2007-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் எல்லா இலகு வாகனங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கும் விதியை வெளியிட்டது. ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் வரை காக்கப்படும் என்பது அதன் மதிப்பீடு. விதி 2011 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

இவ்வளவு பயன் தந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. இந்தக் கணத்தின் பிழையைப் பார்த்து இந்தக் கணத்தில் செயல்படுவதே அதன் இயல்பு. கார் வழிதவறத் தொடங்கிய பிறகுதான் அது விழிக்கும். பிரேக்கையே முதன்மைக் கருவியாகக் கொண்டதால், ஒவ்வொரு திருத்தமும் காரின் வேகத்தையும் குறைக்கும். ஸ்டீயரிங், நான்கு பிரேக்குகள், மோட்டார் எனப் பல கருவிகள் கைவசம் இருக்கும்போது எதை எவ்வளவு பயன்படுத்துவது என்பதற்கு அதனிடம் தனித்தனி விதிகள் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக எடைபோடும் கணக்கு இல்லை.

சுத்திகரிப்பு ஆலையில் பிறந்தது

அந்தக் கணக்கு வேறோர் இடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. 1960-இல் ருடால்ஃப் கல்மான் வகுத்த உகப்புக் கட்டுப்பாடு, ஓர் அமைப்பைக் குறைந்த செலவில் விரும்பிய நிலைக்குக் கொண்டுவரும் வழியைக் கணிதமாகத் தந்தது. ஆனால் வால்வு நூறு சதவீதத்துக்கு மேல் திறக்காது, உலையின் வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது என்பன போன்ற வரம்புகள் அதற்குள் அடங்கவில்லை. ஆலையிலோ பெரும்பாலும் வரம்பை ஒட்டி இயங்கும்போதுதான் லாபம். 1963-இல் சோவியத் ஆய்வாளர் ப்ரோபோய், ஒவ்வொரு படியிலும் வரப்போகும் காலத்துக்கான வரம்புள்ள கணக்கைத் தீர்த்து, அதன் முதல் முடிவை மட்டும் செயல்படுத்தும் யோசனையை எழுதினார். அன்றைய கணினிகளுக்கு அது எட்டாத வேலை.

1970-களில் இரண்டு குழுக்கள் ஒன்றை ஒன்று சாராமல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பிரான்சில் ழாக் ரிஷலேயும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய முறை எண்ணெய் ஆலைப் பிரிகலம், மின்நிலைய நீராவிக் கலன், பி.வி.சி. ஆலை ஆகியவற்றில் இயங்கியது. அதைப் பற்றிய அவர்களின் கட்டுரை 1978-இல் வந்தது. அமெரிக்காவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் சார்லஸ் கட்லரும் பிரையன் ரமேக்கரும் 1973-இலேயே பயன்படுத்தத் தொடங்கிய முறையை 1979-இல் வெளியுலகுக்கு அறிவித்தனர். ஆலையின் ஒரு வால்வைச் சற்றே திறந்து, அதன் விளைவு எவ்வளவு நேரத்தில் எப்படி வெளிப்படுகிறது என்று பதிவு செய்த எண்களே அவர்களின் மாதிரி. 1990-களின் முடிவுக்குள் உலகெங்கும் 4,500-க்கும் மேற்பட்ட இடங்களில், பெரும்பாலும் எண்ணெய், வேதி ஆலைகளில், இந்த வகை முறைகள் இயங்கிக்கொண்டிருந்தன.

அடிப்படை மூன்று படிகள் கொண்டது. முதலில், அமைப்பின் கணித மாதிரியைக் கொண்டு, இன்ன கட்டளைகள் கொடுத்தால் அடுத்த சிறிது நேரத்தில் என்ன நடக்கும் என்று கணிப்பது. அந்தச் சிறிது நேரம் முன்னோக்கு எனப்படும். இரண்டாவது, சாத்தியமான கட்டளை வரிசைகளுள் இலக்கிலிருந்து விலகலும் கட்டளைகளின் கடுமையும் சேர்ந்த மொத்தச் செலவு மிகக் குறைவாகவும், எந்த வரம்பும் மீறப்படாமலும் உள்ள வரிசையைத் தேர்ந்தெடுப்பது. மூன்றாவது, அந்த வரிசையில் முதல் கட்டளையை மட்டும் நிறைவேற்றிவிட்டு, மீதியைக் கைவிட்டு, புதிய அளவீட்டோடு முழுக் கணக்கையும் மறுபடி போடுவது. மாதிரி சிறிது பிசகினாலும், எதிர்பாராத காற்றோ பள்ளமோ குறுக்கிட்டாலும், அடுத்த கணக்கு அதைத் திருத்திக்கொள்ளும்.

குறுகிய காலத்தை மட்டும் பார்க்கும் திட்டம், அந்தக் காலம் முடிந்த மறுகணமே அமைப்பைச் சிக்கலில் விட்டுவிடக்கூடும் என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. முன்னோக்கின் கடைசியில் அமைப்பு ஒரு பாதுகாப்பான பகுதிக்குள் வந்து சேர வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் நிலைத்தன்மையை நிறுவலாம் என்ற கோட்பாட்டை டேவிட் மெய்ன், ஜேம்ஸ் ராலிங்ஸ் முதலியோர் 2000-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் ஒழுங்காகத் தொகுத்தனர். ஆலைத் தளத்தில் கைப்பழக்கமாக வளர்ந்த முறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் கிடைத்தது.

முன்னே பார்க்கும் ஓட்டுநர்

வரம்பை ஒட்டி இயங்குவது, வரம்பைத் தாண்டாதிருப்பது – டயரின் சிக்கலும் இதுவே. ஆயினும் இந்த முறை ஆலையிலிருந்து காருக்கு வர மூன்று பத்தாண்டுகள் பிடித்தன. காரணம் நேரம். வேதி ஆலையில் நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிட்டால் போதும். பனியில் சறுக்கும் காருக்கு ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் விடை வர வேண்டும். அதாவது கணக்குக்குக் கிடைக்கும் நேரம் 1,200 மடங்கு குறைவு. அதோடு, ஆலையில் கணினி ஓர் அறையை அடைத்துக்கொள்ளலாம். காரில் அது மலிவான சிறு சில்லாக இருக்க வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் ஒரு முன்னோடி முயற்சி நிகழ்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்காடம், 1980-81-இல் வெளியிட்ட கட்டுரைகளில் மனித ஓட்டுநரையே ஒரு முன்கணிப்புக் கணக்காக எழுதினார். ஓட்டுநர் சாலையைச் சிறிது தூரம் முன்னே பார்க்கிறார். இப்போதைய ஸ்டீயரிங் கோணத்தில் கார் எங்கே போய்ச் சேரும் என்று மனத்துள் மதிப்பிடுகிறார். பாதையிலிருந்து விலகல் குறையும்படி கோணத்தை மாற்றுகிறார். இந்த மாதிரி வாகனப் பாவனை மென்பொருள்களில் செயற்கை ஓட்டுநராக இடம்பெற்றது. காரை உண்மையில் ஓட்டும் பொறுப்பு அதற்குத் தரப்படவில்லை.

பனிக்கட்டியில் முதல் சோதனைகள்

கட்டுப்பாட்டுக் கணக்கைக் காருக்குள் கொண்டுவரும் முயற்சி 2000-ஐ ஒட்டி ஃபோர்டு ஆய்வகத்தில் சூடுபிடித்தது. அங்கே டாவோர் ஹ்ரோவாட் தலைமையில் நடந்த பணியில் சுவிட்சர்லாந்தின் இ.டி.எச். சூரிக், இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இணைந்தனர். முதலில் எடுத்துக்கொண்டது இழுவைக் கட்டுப்பாடு: வழுக்கும் தரையில் முடுக்கும்போது சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுப்பது. பிரான்செஸ்கோ பொரெல்லி, ஆல்பெர்டோ பெம்பொராட் முதலியோர் டயரின் வளைகோட்டை நேர்கோட்டுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மாதிரி வைத்து, எந்தத் துண்டிலிருந்து எதற்குத் தாவுவது என்பதையும் கணக்கில் சேர்த்தனர். முதல் வடிவம் 2001-இல் வெளியானது. பனிக்கட்டித் தளத்தில் காரை ஓட்டிப் பார்த்த முடிவுகளும் வந்தன.

நேரச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு புத்திசாலித்தனமானது. ஒவ்வொரு கணமும் கணக்குப் போடாமல், வரக்கூடிய எல்லா நிலைகளுக்கும் முன்கூட்டியே ஆய்வகத்தில் கணக்கைத் தீர்த்து, விடைகளை அட்டவணையாகக் காரின் நினைவகத்தில் வைத்துவிடுவது. கார் ஓடும்போது, தான் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று தேடி, அதற்குரிய எளிய சூத்திரத்தைப் பயன்படுத்தினால் போதும். 2002-இல் பெம்பொராட், மன்ஃப்ரெட் மொராரி, விவேக் துவா, ஸ்ட்ராடோஸ் பிஸ்டிகோபுலோஸ் ஆகியோரின் கட்டுரை இதை முறையாக நிறுவியது. மாறிகளும் வரம்புகளும் கூடக் கூட அட்டவணையின் பகுதிகள் கட்டுக்கடங்காமல் பெருகிவிடும் என்பதே இதன் எல்லை. இழுவைக் கட்டுப்பாடு போன்ற சிறிய கணக்குகளுக்கு அது பொருந்தியது. காரின் முழுப் போக்குக்கும் பொருந்தவில்லை.

அடுத்து வந்த ஸ்டீயரிங் கட்டுப்பாடு இந்தத் துறையின் திருப்புமுனை. இத்தாலியின் சன்னியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவ்லோ ஃபல்கோனே, பொரெல்லி ஆகியோரும் ஃபோர்டின் ஜஹான் அஸ்காரி, எரிக் செங், ஹ்ரோவாட் ஆகியோரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தடம் மாறி மீண்டும் தன் தடத்துக்கு வரும் இரட்டைத் தடமாற்றத்தைப் பனியில் கார் தானே செய்தது. போக வேண்டிய பாதை முன்பே தெரியும். அந்தப் பாதையை விட்டு விலகாமல், எவ்வளவு அதிக வேகத்தில் நுழைய முடியும் என்பதே கேள்வி. முன்சக்கரம் திரும்பக்கூடிய கோணம், அது திரும்பும் வேகம் ஆகியவை வரம்புகள்.

இரண்டு வடிவங்களை அவர்கள் ஒப்பிட்டனர். ஒன்று, டயரின் வளைகோட்டை உள்ளபடியே வைத்த நேரியல் அல்லாத கணக்கு. அது துல்லியமானது, ஆனால் அன்றைய காரில் ஏற்றிய கணினிக்கு அதிகச் சுமை. எனவே குறைந்த வேகங்களில் மட்டுமே அதை ஓட்ட முடிந்தது. மற்றொன்று, 50 மில்லி நொடிக்கு ஒருமுறை, கார் அப்போதிருக்கும் நிலையைச் சுற்றி மாதிரியை நேரியலாக்கி, இருபடிக் கணக்காகத் தீர்ப்பது. இந்த இரண்டாவது வடிவம் பனித்தளத்தில் நொடிக்கு 21 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 75 கி.மீ. வரை காரைப் பாதையில் நிறுத்தியது. அந்த வேகத்தில் ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையே கார் சுமார் ஒரு மீட்டர் நகர்ந்துவிடும்.

நேரியலாக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. உச்சத்துக்கு முன் எடுத்த நேர்கோடு, கோணத்தைக் கூட்டினால் விசையும் கூடிக்கொண்டே போகும் என்று பொய்யான நம்பிக்கை தரும். அதை நம்பிய கணக்கு ஸ்டீயரிங்கை மேலும் மேலும் திருப்பும், கார் சுற்றிவிடும். இதைத் தடுக்க, முன்டயரின் நழுவல் கோணம், அதாவது டயர் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையிலான கோணம், ஓர் அளவைத் தாண்டக் கூடாது என்று தனி வரம்பு சேர்த்தனர். அந்த ஒரு வரம்பு இருந்ததால்தான் எளிய கணக்கு அதிக வேகத்திலும் நிலைத்து நின்றது. கார் எங்கே போகக் கூடாது என்பதைச் சொல்வது, எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்வதற்கு நிகராக முக்கியம் என்ற பாடம் அதற்குப் பின் வந்த ஆய்வுகள் பலவற்றிலும் தொடர்கிறது.

வேலி கட்டுவது

2013-இல் இரண்டு முக்கியமான கட்டுரைகள் வந்தன. ஸ்டெஃபானோ டி கைரானோ, எரிக் செங், டேனியல் பெர்னார்தினி, பெம்பொராட் ஆகியோர் ஸ்டீயரிங்கையும் தனித்தனிச் சக்கர பிரேக்குகளையும் ஒரே முன்கணிப்புக் கணக்கில் இணைத்தனர். காரின் நிலையை டயர்களின் நழுவல் கோணங்களிலேயே எழுதியதால், எந்த டயர் உச்சத்தில் இருக்கிறது, எது இல்லை என்பது நேரடியாகத் தெரிந்தது. ஸ்டீயரிங்கால் முடிந்ததை ஸ்டீயரிங்காலேயே செய்து, மீதிக்கு மட்டும் பிரேக்கைத் தொடுவதால் காரின் வேகம் வீணாகக் குறையாது. வழுக்கும் தளங்களில் நடந்த சோதனைகளோடு, இந்தக் கணக்கு வாகனத் தரத்து மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே ஓடக்கூடியது என்ற மதிப்பீட்டையும் அவர்கள் தந்தனர்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் கெர்டிஸின் ஆய்வுக்குழு வேறு கோணத்தில் அணுகியது. கிரேக் பீலும் கெர்டிஸும் எழுதிய கட்டுரையில், ஓட்டுநரே காரை ஓட்டுகிறார். பக்கச்சறுக்கல், திரும்பும் வேகம் ஆகிய இரண்டையும் அச்சுகளாகக் கொண்ட தளத்தில், கார் நிலையாக இருக்கக்கூடிய பகுதியைச் சுற்றி ஒரு வேலி வரையப்படும். வேலிக்குள் இருக்கும் வரை கணக்கு தலையிடாது. அடுத்த சில கணங்களில் வேலியைத் தாண்டிவிடும் என்று தெரிந்தால் மட்டும், ஓட்டுநரின் கட்டளையைத் தேவையான அளவுக்கு மாற்றும். இயந்திர இணைப்பு இல்லாமல் மின்கம்பி வழியே திரும்பும் ஸ்டீயரிங் கொண்ட சோதனைக் காரில் இது சரிபார்க்கப்பட்டது. விமானத்தைப் பாதுகாப்பான பறப்பு எல்லைக்குள் வைத்திருக்கும் கணினிக் காப்புமுறை, 1988-இல் சேவைக்கு வந்த ஏர்பஸ் ஏ320 முதல் பயணிகள் விமானங்களில் வழக்கில் இருக்கிறது. சாலைக்கு வந்த அதே வகை யோசனை இது.

இந்த வேலியை எங்கே போடுவது என்பது உராய்வைப் பொறுத்தது. உராய்வோ கண்ணுக்குத் தெரியாதது. ஸ்டான்ஃபோர்டு குழு ஸ்டீயரிங்கில் உணரப்படும் முறுக்கு விசையைத் துப்பாகப் பயன்படுத்தியது. டயரின் பக்கவிசை உச்சத்தைத் தொடும் முன்பே, சக்கரத்தை நேராக்க முயலும் முறுக்கு விசை குறையத் தொடங்கிவிடும். ஸ்டீயரிங் திடீரென 'லேசாகிவிட்டது' என்று அனுபவமுள்ள ஓட்டுநர் உணர்வது இதைத்தான். 2016-இல் ஸ்டீபன் எர்லியன், சுசுமு ஃபுஜிதா, கெர்டிஸ் ஆகியோர் நிலைத்தன்மை வேலியோடு சாலைத் தடைகளைத் தவிர்க்கும் வேலியையும் சேர்த்தனர். இரண்டும் மோதும் தருணத்தில், கார் சற்றுச் சறுக்கினாலும் பரவாயில்லை, எதிரே உள்ளதில் மோதக் கூடாது என்று கணக்கே முன்னுரிமை கொடுக்கும்.

எல்லைக்கு அப்பால்

கணினிகள் வேகம் பெற, நேரியல் அல்லாத கணக்கை வேகமாகக் கையாள்வதும் எட்டும் தொலைவுக்கு வந்தது. இ.டி.எச். சூரிக்கில் அலெக்சாண்டர் லினிகர், அலெக்சாண்டர் டோமாஹிடி, மொராரி ஆகியோர் 1:43 அளவுள்ள பொம்மைப் பந்தயக் கார்களை நொடிக்கு 3 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், பின்டயர்கள் உச்சத்தைத் தாண்டிச் சறுக்கும் நிலையிலும், நொடிக்கு 50 முறை கணக்கிட்டு ஓட்டினர். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் 1:5 அளவுள்ள கார் ஒன்று மண்பாதையில் ஓடியது. அங்கே சமன்பாட்டைச் சரிவு வழியே தீர்ப்பதற்குப் பதிலாக, வரைகலைச் செயலியில் ஆயிரக்கணக்கான சாத்தியப் பாதைகளை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்து, செலவு குறைந்தவற்றுக்கு அதிக எடை கொடுத்துச் சராசரி எடுக்கும் முறை கையாளப்பட்டது. 2016-இல் இது வெளியானது.

நிலைத்தன்மையின் எல்லைக்குள் காரை வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற கருத்தும் இந்தக் காலத்தில் கேள்விக்கு உள்ளானது. தேர்ந்த ஓட்டுநர்கள் பின்டயர்களை வேண்டுமென்றே சறுக்கவிட்டும் காரை விரும்பிய பாதையில் நடத்துகிறார்கள். கெர்டிஸின் குழு மின்மோட்டாருக்கு மாற்றிய ஒரு டிலோரியன் காரைத் தானாகவே டிரிஃப்ட் ஓட்டச் செய்து 2015-இல் காட்டியது. 2022-இல் டொயோட்டா ஆய்வு நிறுவனம், கலிஃபோர்னியாவின் தண்டர்ஹில் பந்தயத் தடத்தில், ஒரு சுப்ரா கார் வழியிலுள்ள தடைகளைச் சறுக்கியபடியே தவிர்த்துச் செல்வதைக் காட்டியது. நொடிக்கு 20 முறை முழுப் பாதையையும் புதிதாகக் கணக்கிடும் நேரியல் அல்லாத முன்கணிப்புக் கட்டுப்பாடே அதன் அடிப்படை. 2024-இல் அதே நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டும் இரண்டு சுப்ராக்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஓட்டுநர் தலையீடு இன்றி டிரிஃப்ட் ஓட்டச் செய்தன. டயரின் இயல்பை ஓட்டத்துக்கு ஓட்டம் கற்றுக்கொள்ளும் நரம்பு வலைப்பின்னல் அதில் சேர்க்கப்பட்டிருந்தது.

இன்றைய நிலை

பெருமளவு உற்பத்தியில் முன்கணிப்புக் கட்டுப்பாடு முதலில் நுழைந்தது ஸ்டீயரிங்கிலோ பிரேக்கிலோ அல்ல, எஞ்சினில். ஜெனரல் மோட்டார்ஸும் பெம்பொராட் பங்கேற்ற ஓ.டி.ஒய்.எஸ். என்ற இத்தாலிய நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய, டர்போ பெட்ரோல் எஞ்சினின் முறுக்கு விசையைக் கட்டுப்படுத்தும் முறை 2018-இல் உற்பத்திக்கு வந்தது. ஒவ்வொரு காரிலும் உள்ள சாதாரணச் செயலியில், ஓடும்போதே உகப்புக் கணக்கைத் தீர்க்க முடியும் என்பதற்கு அது சான்று.

நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டில் இதே முறை பரவலாவதற்கு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, உராய்வு. அடுத்த வளைவில் தார் உலர்ந்திருக்கிறதா, பனி படிந்திருக்கிறதா என்பது கார் அங்கே போகும் வரை பெரும்பாலும் தெரியாது. தவறான உராய்வு மதிப்பில் போட்ட துல்லியமான கணக்கும் தவறாகவே முடியும். இரண்டாவது, காரின் மாற்றம். டயர் தேயும், சுமை ஏறும், காற்றழுத்தம் குறையும். மாதிரி அதற்கேற்ப மாற வேண்டும். மூன்றாவது, உத்தரவாதம். கணக்கு குறித்த நேரத்துக்குள் ஒவ்வொரு முறையும் முடியும் என்றும், முடியாத தருணத்தில் கார் என்ன செய்யும் என்றும் நிறுவிக் காட்டினால்தான் பாதுகாப்புக் கருவியாக அனுமதி கிடைக்கும். எளிய விதிகளால் ஆன இ.எஸ்.பி.க்கு இந்த மூன்றாவது சோதனை எளிது.

அமெரிக்க விதி அந்தச் சோதனையைத் தெளிவான எண்களில் வைத்திருக்கிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கை ஒருபுறமும் உடனே மறுபுறமும் திருப்பி, அரை நொடி நிறுத்தி, நேராக்க வேண்டும். அதன் பின் ஒரு நொடியில் காரின் திரும்பும் வேகம் உச்சத்தில் 35 சதவீதத்துக்குள்ளும், 1.75 நொடியில் 20 சதவீதத்துக்குள்ளும் அடங்கிவிட வேண்டும். அதே நேரத்தில், 3,500 கிலோவுக்கு உட்பட்ட கார், திருப்பத் தொடங்கிய 1.07 நொடிக்குள் பக்கவாட்டில் குறைந்தது 1.83 மீட்டர் விலகியிருக்கவும் வேண்டும். நிலையாக இருப்பதற்காகத் திரும்பவே மறுக்கும் கார் தேறாது.

1978-இன் ஏ.பி.எஸ். முதல் இன்றைய முன்கணிப்புக் கணக்கு வரை எந்த முறையும் டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பை ஒரு துளியும் கூட்டவில்லை. இருக்கும் பிடிப்பை வீணாக்காமல் பயன்படுத்துவதில்தான் வேறுபாடு. முன்கணிப்பு அதைப் பிறவற்றைவிட முழுமையாகச் செய்கிறது. ஆனால் வளைவுக்குள் நுழையும் வேகமே பிடிப்பை மீறியதாக இருந்தால் அந்தக் கணக்குக்கும் விடை கிடையாது.